வெயிலுகந்தாளின் அப்பா

ஒரு பெயரின் பூர்வீகத்தைத் தோண்டாமல் ஆளை உள்ளே விடாத வாசல்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் நாரணாபுரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கே வந்து வாய்த்தார். ‘பதவுரை’ என்று கூப்பிடுவோம். ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துவிட்டது.

காலையில் வருகைப் பதிவேட்டோடு கேட்டில் நிற்பார். பெயரை வாசித்தால் போதாது, பொருளும் சொல்லியாக வேண்டும். வரிசை பஸ் ஸ்டாப் வரை நீளும். முதலாளி வந்து கத்துவார். கத்தி முடித்ததும் அவர் பெயருக்கும் பொருள் சொல்லிப் பதவுரை உள்ளே அனுப்பிவைப்பார். முத்துமாரி என்ற பெண்ணிடம் மட்டும் கொஞ்சம் கடுகடுப்பு.

“மாரின்னா மழை. தீவாளி முடியுற வரைக்கும் ஒம் பேரைச் சத்தமாச் சொல்லாத, தாயி.”

மழை பெய்தால் வெடி காயாது, யாருக்கும் வேலை கிடையாது. அப்படி ஒரு சீசனில் விடாத மழையில் கம்பெனி பூட்டிக் கிடந்தபோதுதான் பதவுரையின் மனைவிக்கு வலி கண்டது. வெயிலுகந்தம்மனுக்கு நேர்ந்துகொண்டார். மகள் பிறந்த காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. வெயிலுகந்தாள் என்று பெயர் வைத்தார். வெயிலை விரும்பி ஏற்றவள். இந்தப் பெயருக்கு மட்டும் விளக்கம் அரைமணி நேரம் ஓடும். கேட்காதவர் ஊரில் இல்லை.

மகள் படித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். அங்கே அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, சிரித்தார்கள். பெயரை மாற்றிக்கொள்ள அப்பாவின் சம்மதம் கேட்டு வந்தாள். பெயர் மாற்றப் படிவத்தை நிரப்ப இருவரும் என் மேசைக்கு வந்தார்கள்.

“புதுப் பேரு என்ன தாயி?”

“வர்ஷாப்பா.”

வர்ஷா என்றாலும் மழைதான். அது அவளுக்குத் தெரியாது, கேட்க அழகாக இருக்கிறதென்று எடுத்திருக்கிறாள். பதவுரைக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெயருக்கு அவர் பொருள் சொல்லவில்லை.

“நல்ல பேருத்தா,” என்றார். பேனாவோடு நான் தயங்குவதைப் பார்த்து, எழுதச் சொன்னதும் அவர்தான்.

அதன்பிறகு அவள் வருவது குறைந்தது. போனும் குறைந்தது. தீபாவளிக்கும் வரவில்லை. கேட்டில் பதவுரை வெறும் பெயர்களை மட்டும் வாசித்தார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. முதலாளிக்குச் சந்தோஷம், எங்களுக்குத்தான் தாங்கவில்லை.

அடுத்த சீசனில் ஒரு மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. காயப்போட்ட சரக்கைத் தார்ப்பாயால் மூட எல்லாரும் ஓடினார்கள். ஓடிக்கொண்டே மழையை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். முத்துமாரிதான் அதிகம். பதவுரை மட்டும் கேட்டில் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு நனைந்துகொண்டிருந்தார். நான் குடையோடு ஓடினேன். தள்ளிவிட்டார்.

“ஏச வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. அது எம் மக பேரு.”

அவர் போய்ச் சேர்ந்து இரண்டு சீசன் ஆகிறது. மழை வந்தால் இன்றும் எல்லாரும் ஏசுகிறார்கள். நான் ஏசுவதில்லை. கேட் வரைக்கும் போய்க் கொஞ்சம் நனைந்துவிட்டு வருகிறேன்.