அக்காவின் பரிசத்துக்கு நான் கட்டிய மஞ்சள் திரை

படிக்காதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. முழுதாகப் படித்தவர்களாலும் அவ்வளவாக இல்லை. ஒரே ஒரு செமஸ்டர் படித்துவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறவர்களைத்தான் கண்ட இடத்தில் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். நான் அப்படித்தான் ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்குப் பஸ் ஏறினேன். என்னைக் கட்டிப்போட யாருக்கும் தோன்றவில்லை.

ஓவியக் கல்லூரியில் அந்த முதல் செமஸ்டரில் வண்ணக் கோட்பாடு என்று ஒரு பாடம். ஒரு வட்டம், அதற்குள் பன்னிரண்டு நிறங்கள். எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை சண்டை போடாது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் எதைக் கலந்தும் உண்டாக்க முடியாது. எனக்குத் தெரிந்தது மொத்தமே இவ்வளவுதான். (அதிலும் வாங்கியது பி மைனஸ்.) ஆனால் வந்திறங்கிய அன்றே அந்த வட்டத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பாவிடம், அவருடைய சட்டைக்கும் கைலிக்கும் ஆகவே ஆகாது என்று அறிவித்தேன். சாம்பாரைப் பார்த்து, எல்லாம் ஒரே வெப்ப நிறமாக இருக்கிறது என்றேன். அம்மா உப்பு கம்மியா என்று கேட்டார்.

அந்த விடுமுறையில்தான் கோகிலா அக்காவுக்குப் பரிசம். அக்கா திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்தில் வேலை பார்த்தாள். அங்கே பூ ஏற்ற லோரி கொண்டுவரும் ஈப்போக்காரர் பிரகாஷுக்கும் அவளுக்கும் பிடித்துப் போயிற்று. பிரகாஷுக்கு அம்மா இல்லை, பெரியம்மாதான் வளர்த்தார். அந்தப் பெரியம்மாவுக்கு எஸ்டேட் பெண் வேண்டாம் என்று இரண்டு வருடப் பிடிவாதம். கடைசியில், வருகிறேன், ஆனால் சகுனம் சரியில்லை என்றால் அப்படியே கிளம்பிவிடுவேன் என்று சொல்லித்தான் சம்மதித்திருந்தார். அதாவது ஒரு பல்லி இருமினாலே கல்யாணம் நின்றுவிடும். அக்காவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இந்த நிலையில் மேடை அலங்காரப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். (கொடுக்கவில்லை. நானேதான் அடம்பிடித்து வாங்கினேன்.)

அக்காவின் புடவை ஊதா. வட்டத்தில் ஊதாவுக்கு நேர் எதிரே மஞ்சள். ஆகவே அவளுக்குப் பின்னால் மஞ்சள் திரை. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பிரிஞ்சாங் டவுன் துணிக்கடையில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்து, இது எலுமிச்சை மஞ்சள், குளிர்ந்த நிறம், எனக்குச் சூடான மஞ்சள்தான் வேண்டும் என்றேன். மஞ்சள்னா மஞ்சள்தான் லா தங்கச்சி என்றார் கடைக்காரர். அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் இருந்த நான்கு வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, ஒரு கிலோ மஞ்சள்தூள் கொதித்த அண்டாவில் முக்கினேன். என் கைகளும் அண்டாவும் ஒரு மாதத்துக்கு அதே நிறத்தில் இருந்தன.

அடுத்தது, பரிசம் நடக்கவிருந்த எஸ்டேட் மண்டபத்துச் சுவர். அது பழைய அழுக்குப் பச்சை. டவுனில் ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி அடித்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார் அப்பா. அந்த வெள்ளையில் நீலம் ஒளிந்திருக்கிறது, அது செத்த வெள்ளை என்றேன் நான். சித்தப்பா தன் கோஸ் தோட்டத்து மண்ணில் கொட்ட வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டையில் பாதியைத் தூக்கிவந்து கரைத்து, பரிசத்துக்கு முந்தின மத்தியானம் சுவர் முழுக்க அடித்தேன். பள்ளிச் சீருடையை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்துக் காயவைத்து வளர்ந்தவள் நான். இந்த மலையில் பனி இறங்கினால் எதுவும் காயாது என்பது அந்த மேதைக்கு நினைவில் இல்லை.

மறுநாள் காலை விரிப்புகளும் ஈரம், சுவரும் ஈரம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிறு கட்டி, திரையைத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டு பதினோரு படம் எடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா வாசலில் ஆரத்தி எடுத்தார். மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்கள். அதுவரை வெளியே காத்திருந்த மலைக்காற்று முதல் ஆளாக உள்ளே வந்து, திரையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோடு ஒட்டிவைத்தது. சுருக்கமெல்லாம் போய் இப்போது இன்னும் நன்றாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அக்காவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். தட்டு மாற்ற இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எழுந்தார்கள். அப்போது காற்று நின்றது. திரை சுவரை விட்டு மெல்லக் கழன்று முன்னால் வந்தது. அக்காவின் தலைக்கு நேர் பின்னால் மஞ்சள் துணியில் சிவப்பு. முதலில் ஒரு கை அகலம் இருந்தது, பிறகு தோள் வரை பரவி, ஓரங்களில் கீழே வடிய ஆரம்பித்தது.

"தட்ட மாத்தாதீங்க" என்றார் பெரியம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணு தலைக்குப் பின்னாடி ரத்தமாட்டம் வடியுது. எனக்கு இது சரியாப் படல."

பிரகாஷ் எழுந்தார், பெரியம்மாவைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். (வீரர்.) அப்பா என்னைப் பார்த்தார். அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எட்டாவது வாரப் பாடம் எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"அது செவப்பே இல்ல பெரியம்மா" என்றேன். "பச்சையவே ரொம்ப நேரம் பாத்தா, அப்பறம் வேற எதப் பாத்தாலும் செவப்பாத் தெரியும். வர்ற வழியில கோலா தெர்லாவுலேர்ந்து பச்சையவே பாத்துக்கிட்டு வந்தீங்கல்ல, அதான் கண்ணு அப்படிக் காட்டுது."

"எனக்குக் கண்ணு அவுட்டுங்கிற?"

பின்வரிசையிலிருந்து அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர், தனக்கும் சிவப்பாகத்தான் தெரிகிறது, தான் வேனில் தூங்கிக்கொண்டே வந்தவன் என்று பணிவோடு தெரிவித்தார். அத்துடன் என் எட்டாவது வாரமும் முடிந்தது. பெரியம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். அக்கா குனிந்தபடி அழுதாள், சத்தமே இல்லாமல். இரண்டு வருடம் காத்திருந்தவளை அழவைத்தது ஒரு பி மைனஸ். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையவேண்டும் போல இருக்கிறது.

அம்மா மட்டும் பின்பக்கம் போனார். தட்டு மாற்றிய பிறகு மணமக்களுக்கு எடுக்கக் கரைத்து வைத்திருந்த இன்னொரு ஆரத்தித் தட்டைக் கொண்டுவந்து, திரையின் சிவப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே நிறம்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சம்பந்தியம்மா. வாசல்ல உங்களுக்கு எடுத்தமே, அதேதான். சின்னவ துணியில மஞ்சளப் போட்டா, சொவத்துல சுண்ணாம்பப் பூசிட்டா. ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

பிறந்ததிலிருந்து எத்தனை ஆரத்தி பார்த்திருப்பேன். எங்கள் லயத்து வீடுகளில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மஞ்சளிலிருந்து சிவப்பை வரவழைக்காத பெண் கிடையாது. நான் மட்டும் அதை வராது என்று பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வந்திருந்தேன். (அது கலவை இல்லை, இரசாயன மாற்றம் என்று இப்போது என்னால் வாதாட முடியும். அன்று கேட்கத்தான் ஆள் இல்லை.)

பெரியம்மா மேடை ஏறி வந்தார். திரையை விரலால் தேய்த்து முகர்ந்தார். ஆரத்தியில் விரலை நனைத்து அதையும் முகர்ந்தார். பிறகு கைப்பையை இறக்கி நாற்காலியில் வைத்தார். சுவரே ஆரத்தி எடுக்கிறது என்றால் அதில் கெட்டது ஒன்றும் இருக்காது, தட்டை மாற்றுங்கள் என்றார். அக்கா தலை நிமிர்ந்து மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

தப்பித்தோம் என்று நழுவப் பார்த்தேன். பெரியம்மா விடவில்லை.

"நீ என்னாம்மா படிக்கிற?"

"கலர், பெரியம்மா."

"எத்தன வருசம்?"

"மூணு."

அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "முழுசாப் படிக்க வச்சிருங்க. பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க."

மண்டபம் சிரித்த சிரிப்பில் பிரகாஷ் குரல்தான் பெரிதாகக் கேட்டது. இதற்கு மட்டும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பெரியம்மா சொன்னபடி முழுதாகப் படித்தேன். இப்போது அதே பாடத்தை நடத்தியும் பிழைக்கிறேன். ஆனால் இரண்டு குடும்பங்களிலும் அன்று தொடங்கிய வழக்கம் ஒன்று நிற்கவில்லை. யார் வீட்டு விசேஷமானாலும் ஆரத்தி கரைத்ததும் எனக்கு வீடியோ அழைப்பு வரும். பெரியம்மா தட்டைக் கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, படிச்சவ சொல்லு, நிறம் வந்துடுச்சா என்பார். நான் வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் தட்டு வாசலுக்குப் போகும். போன மாதம் அக்கா தன் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றும் அழைப்பு வந்தது. எத்தனை முறைதான் இதே கேள்வி என்ற எரிச்சலில், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

கேமராவிலிருந்து தட்டு விலகி, பெரியம்மாவின் முகம் வந்தது.

"தாயி" என்றார் பெரியம்மா, "நீ சுண்ணாம்பு பத்தி மட்டும் பேசாத."