ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும் கார்

என் காரை யாரும் சரிசெய்துவிடக் கூடாது. இதுதான் நான் எடுத்த சபதம்.

சிரிக்காதீர்கள். ஊரில் கார் வைத்திருக்கிறவன் எல்லாம், வாரண்டி இருந்தும் செய்து தரமாட்டேன் என்கிறானே என்று சர்வீஸ் சென்டர் வாசலில் தலையில் அடித்துக்கொள்கிறான். அவர்கள் மாட்டேன் என்று சொல்ல வேண்டுமே, சொல்ல வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். எல்லாம் என் சகலையால் வந்தது.

சகலை என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். வரி ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஊரார் பணத்தை மறைய வைத்தார். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்குமா? மேஜிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். ஞாயிறு தவறாமல் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான். நான் கை கழுவி வருவதற்குள் சீட்டுக்கட்டோடு நிற்பார்.

"சகலை, ஒரு சீட்டு எடுங்க. காட்டாதீங்க. ம்ம்ம்... இஸ்பேட் ராஜா!"

"இல்ல சகலை, ஆட்டின் எட்டு."

"நல்லா பாருங்க."

"நல்லா பாத்துட்டேன். எட்டுதான்."

உடனே என் மனைவி என்னை முறைப்பாள். "ஒரு சீட்டைக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியலை உங்களுக்கு."

ஒருநாள் என் கல்யாணக் கைக்கடிகாரத்தை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி, சுத்தியலால் நாலு போடு போட்டார். மந்திரம் சொன்னார். கைக்குட்டையைப் பிரித்தார். கடிகாரம் தூள் தூளாக இருந்தது. அவர் அசரவே இல்லை. "அடுத்த வாரம் வந்துடும் சகலை" என்றார். எத்தனையோ அடுத்த வாரம் வந்து போய்விட்டது, கடிகாரம் மட்டும் வரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளை ரெண்டா அறுக்கற வித்தை கத்துக்கிட்டிருக்கேன். பெட்டிக்குச் சொல்லியாச்சு. உங்க உயரம் என்ன சகலை?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெய்வம் கார் ரூபத்தில் வந்தது. சகலை வீட்டுக்குப் போகிற வழியில் லேசான தூறல். வைப்பர் போட்டேன். குறுக்கே ஒரு நாய். ஹாரன் அடித்தேன். அவ்வளவுதான், வண்டி செத்துவிட்டது. எஞ்சின், விளக்கு, ரேடியோ எல்லாம் ஒரே மூச்சில் போய், வைப்பர் கண்ணாடி நடுவில் தூக்கின கையோடு நின்றது. சாவியை எத்தனை திருகியும் பலன் இல்லை. என் மனைவி அக்காவுக்குப் போன் போட்டு வர முடியாது என்று அழாத குறையாகச் சொன்னாள். அரை மணி கழித்துத் திருகினேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி கிளம்பியது. நேராக வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக ஒரு ஞாயிறு மத்தியானம் தூங்கினேன். அடடா, என்ன தூக்கம்!

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு பிழையைக் கண்டுவிட்டால் அதன் வேரைப் பார்க்காமல் விடமாட்டேன். மறுநாள் அச்சகத்து வாசலில் வைத்துச் சோதித்தேன். ஹாரனை மட்டும் அடித்தால் ஒன்றும் இல்லை. வைப்பரை மட்டும் போட்டால் ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் வண்டி மட்டை. ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தேன், வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார், கவலைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு மண்டையைப் பிளக்கிற வெயில்.

"எதுக்குங்க இப்ப வைப்பர்?"

"தூசிம்மா."

"ஹாரன் எதுக்கு? ரோட்டுல ஈ காக்கா இல்லையே."

"அதான். வந்துடக் கூடாது பாரு."

"ஓ" என்றாள்.

வண்டி நின்றது. நான் பதறுகிற மாதிரி இறங்கி, பானெட்டைத் திறக்கப் போகிற சாக்கில், தூக்கி நின்ற வைப்பரைச் சத்தமில்லாமல் கீழே அழுத்திவிட்டேன். தடயம் இருக்கக் கூடாதில்லையா? அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"என்னங்க இது, அக்கா வீட்டைப் பாக்கப் போனா செத்துடுது, நம்ம வீட்டைப் பாக்கத் திருப்பினா உயிர் வந்துடுது?"

"வண்டிக்கும் வீட்டு ஞாபகம் இருக்காதா?"

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் மருந்துக்கடை நடத்துகிறாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். என் முகம் அதைவிடத் தெளிவான எழுத்து. ஆனால் என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கே மயக்கம், அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

ஒரு திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு என்னையும் வண்டியையும் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டை கட்டின சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அவரைச் சுற்றிக் கார்க்காரர்கள் கூட்டம். "பிரேக்கைப் பிடிச்சா வண்டி பாட்டு பாடுதுய்யா!" என்று ஒரு பல் டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். "அது கூடுதல் வசதி டாக்டர், நாங்க அதுக்குத் தனியா காசா கேட்டோம்?" என்று சூப்பர்வைசர் அவரை அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"இந்த வண்டிக்கு வாரண்டி இருக்கா இல்லையா?" என்றாள் இவள்.

"இருக்கும்மா. எல்லாத்துக்கும் இருக்கு."

"அப்ப சரிபண்ணிக் குடுங்க."

"கெட்டுப்போகாத பாகத்துக்கெல்லாம் இருக்கும்மா. கெட்டுப்போனது தேய்மானத்துல சேர்ந்துடும்."

"வண்டி நடுரோட்டுல நிக்குது சார்!"

"ஓட்டிப் பாத்தோமே, நிக்கலையே."

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நிக்குது."

"ஞாயிறு எங்களுக்கு லீவும்மா. லீவு நாள்ல வர்ற கோளாறுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டியை எங்க கழுவறீங்க?"

"வீட்டுலதான்."

"அதாம்மா விஷயம். வெளியில கழுவினா வாரண்டி போயிடும்."

"அப்ப மழை பெஞ்சா?"

"மழையும் வெளிவேலைதாம்மா. எங்க ஷெட்டுக்குள்ள பெஞ்ச மழைன்னா பரவாயில்ல."

எனக்கு அந்த மனுஷரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன அறிவு! என்ன வாதம்! ஆனால் என் மனைவி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பேசாமல் எழுந்து பக்கத்து ஷோரூமுக்குப் போனாள். அங்கே ஒரு புருஷன் பெண்டாட்டி புதுக் கார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் அந்தக் காரின் கதவைத் திறந்து முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நல்ல வண்டிங்க. உட்கார ரொம்ப சௌகரியம்" என்றாள் அவர்களிடம். "நாங்களே எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கோம். நடுரோட்டுல."

அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து ஒரு குடும்பம் வந்தது. அதனிடமும் அதே சிபாரிசு. அதுவும் போய்விட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு வியர்த்துக் கொட்டியது. ஓடினார்.

"அம்மா, எழுந்திருங்கம்மா. நாளைக்கே வயரிங் முழுசா மாத்திக் குடுத்துடறோம்."

வயரிங் போனால் வைப்பரும் ஹாரனும் சமாதானமாகிவிடும். சமாதானமானால் நான் இரண்டு துண்டு. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்தவரை மடக்கினேன்.

"அவசரப்படாதீங்க சார்."

"நீங்க அந்தம்மாகூட வந்தவர்தானே?"

"வண்டி ஓனரே நான்தான்."

"வண்டி நிக்குதுன்னு அவங்க..."

"நிக்கட்டுமே சார்! வாரம் பூரா ஓடுதில்ல? வண்டி நிக்கறது கோளாறு இல்லைங்க. ஓய்வு."

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "சார், இத்தனை வருஷத்துல என்னைத் திட்டாத ஓனரை இன்னிக்குத்தான் பாக்கறேன். இது என் சொந்த நம்பர். எப்ப வேணாலும் கூப்பிடுங்க."

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

"உயிரே போனாலும் சொல்லமாட்டேன்."

உள்ளே போய், மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள் என்று இவளிடம் கையை விரித்தார். நான் கொதித்தெழுந்து மேஜையைக் குத்தினேன், கை வலிக்காத அளவுக்கு.

"சரி, விடுங்க" என்றாள் என் மனைவி.

அவள் இதுவரை எதையும் சரி விடுங்க என்று விட்டவள் இல்லை. இருந்த சந்தோஷத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சொன்னாள். "நாளைக்கு நாம அக்கா வீட்டுக்குப் போகலைங்க."

"ஐயோ, ஏன்?" என்றேன், பல் தெரியாமல் பார்த்துக்கொண்டு.

"வண்டிதான் இப்படி இருக்கே. அதனால அவங்களை இங்க வரச் சொல்லிட்டேன்."

"எ... எதுல வருவாங்க?"

"கார்லதான். நீங்க அளந்ததைக் கேட்டுத்தானே அத்தானும் இதே கம்பெனியில இதே வண்டி வாங்கினார்? அவர் வண்டி நல்லாத்தான் ஓடுது."

மறுநாள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். காரின் தலையில் நீளமாக ஒரு பெட்டி கட்டியிருந்தது. ஒரு முனையில் தலை போகிற அளவு ஓட்டை. மறுமுனையில் கால் போகிற அளவு இரண்டு ஓட்டை. நடுவில் ரம்பம் போக ஒரு கீறல், அதைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ வழிந்திருந்தது.

"பெயிண்ட்தான் சகலை, பயப்படாதீங்க" என்றார். "தலையணையை வெச்சு ஒத்திகை பாத்தேன். தலையணை பிழைக்கலை. ஆனா மனுஷனுக்கு நிதானமா பண்ணுவேன்."

எனக்கு அந்த நிமிஷமே வயிற்றுவலி வந்துவிட்டது. போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவி கடையில் இருப்பதிலேயே கசப்பான மருந்தாகப் பார்த்து, படுக்கையில் என்னை எழுப்பி எழுப்பி ஊற்றினாள். எல்லாவற்றையும் குடித்தேன். கூடத்தில் சகலை பெருமூச்சு விடுவது கேட்டது. "பாவம், ரம்பத்தை எல்லாம் துடைச்சுக் கொண்டாந்தேனே!"

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். எனக்கு வலி போயே போய்விட்டது. பெட்டியை நானே தூக்கிக் கார் மேலே கட்டினேன். கதவை நானே திறந்துவிட்டேன். கேட்டையும் நானே திறந்தேன். சகலை ஸ்டார்ட் பண்ணினார். வண்டி கேட்டைத் தாண்டும்போது விடைபெறுகிற மாதிரி பாம் பாம் என்று ஒரு ஹாரன்.

வண்டி நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே.

"என்ன சகலை?"

"தெரியலையே சகலை!"

நான் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினேன். சூப்பர்வைசர் உடனே எடுத்தார்.

"சார்! உங்க வண்டி ஒண்ணு, எங்க சகலையோடது, வாசல்ல நின்னுடுச்சு. உடனே ஆளை அனுப்புங்க. இது சுத்தக் கோளாறு. வாரண்டி இருக்கு."

"கோளாறா? நீங்களா சார் இப்படிப் பேசறது?" அவர் குரலில் வருத்தம். "வண்டி நிக்கறது கோளாறு இல்லை, ஓய்வு. நீங்க சொன்னதுதானே? பெருசா எழுதி, வாடிக்கையாளர் கருத்துன்னு வரவேற்புல மாட்டியிருக்கோம். யார் வந்து சண்டை போட்டாலும் அதைத்தான் காட்டறேன். அந்தப் பல் டாக்டர்கூட உங்க விலாசம் கேட்டார்."

"ஐயையோ!"

"நான் வீட்டுல சொல்லலை சார், வாக்குன்னா வாக்கு. ஆனா உங்க வீட்டம்மா வெள்ளிக்கிழமை தானா வந்தாங்க. போர்டைப் படிச்சாங்க. போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

மெதுவாகத் திரும்பினேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சகலையின் காரில், காய்ந்த கண்ணாடி நடுவில், வைப்பர் தூக்கின கையோடு நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் வெளியே நின்று வைப்பரைக் கீழே அழுத்தியபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன் சீட்டில் உட்கார்ந்து யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சகலை காரிலிருந்து குதித்து இறங்கினார். முகம் பூரா சிரிப்பு.

"சகலை! ஓடற காரை நிறுத்தற வித்தை! மச்சினிதான் சொல்லிக் கொடுத்தா. முதல் தடவையா ஒரு வித்தை சரியா வந்திருக்கு பாருங்க!"

அவர் மனைவி கைதட்டினாள். என் மனைவியும் கைதட்டினாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்.

"அரை மணியில தானா ஸ்டார்ட் ஆயிடும் சகலை" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"அரை மணி தாராளம் சகலை" என்று கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "அறுக்கறது இன்னிக்கு. சேர்க்கறது அடுத்த வாரம்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். கெஞ்சித்தான் பார்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டிதான் ஓய்வெடுக்குது, நீங்களும் ஏன் நிக்கறீங்க? பெட்டியை எறக்குங்க. அப்படியே பழைய சட்டையா ஒண்ணு மாத்திக்குங்க, இது போன மாசம்தான் எடுத்தது."