தோல் நாற்காலியும் நாற்பத்தைந்து நாளும்

"இந்த நாற்காலி இந்த வீட்டை விட்டுப் போனால், நானும் அதோடு போய்விடுவேன்!"

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தெருவுக்கே கேட்கிற மாதிரி இப்படி அறிவித்தேன். என் மனைவி கூட்டுவதை நிறுத்தவில்லை.

"சரி. வண்டிக்காரர்கிட்ட ஒரு சாமான் இல்ல, ரெண்டு சாமான்னு சொல்லிடறேன். காலைத் தூக்குங்க, கூட்டணும்."

தூக்கினேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆபீஸ் சாமான்கள் வாங்கி விற்பவன். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்பிலேயே கழற்றிவிட்டது. மீதிப் படிப்பை அடி வாங்கியே முடித்தேன். கோபம் மூக்கு நுனியில். பேரம் நாக்கு நுனியில். யாராவது ஒரு விலை சொன்னால் என் காதில் பாதிதான் விழும். விலை மட்டுமில்லை, எதைச் சொன்னாலும்! நேரம் என்றால் பாதிக்குப் பேசு, சரக்கு என்றால் இரட்டிப்பாய்க் கேள். இதுதான் நான் படித்த படிப்பு.

அந்தத் தோல் நாற்காலியும் பேரத்தில் வந்ததுதான். ஒரு கம்பெனியை இழுத்து மூடினார்கள். மேனேஜர் அதில் உட்கார்ந்தபடியே என்னோடு விலை பேசினார். மூன்று மணி நேரம். நான் அசரவில்லை. கடைசியில் அவர் எழுந்தார். இருக்கை சூடு ஆறுவதற்குள் நான் உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு யாரையும் உட்காரவிட்டதில்லை. மனைவிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. ஒரு கால் குட்டை, அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறோம். ஒருநாள் நான் வெளியே போன நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறாள். வந்து உட்கார்ந்த மறு நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரோ என் குழியைக் கலைச்சிருக்காங்க!"

"பத்து நிமிஷம் உட்கார்ந்தேங்க. இடுப்பு வலி."

"பத்து நிமிஷமா? பதினோரு வருஷம் உட்கார்ந்து தோண்டின குழி இது!"

அவள் என்னையும் நாற்காலியையும் அளவெடுப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

இப்போது நாற்காலியின் நிலைமை கொஞ்சம் மோசம்தான். என் தலை சாயும் இடத்தில் எண்ணெய் ஏறிக் கரும்பலகை ஆகியிருந்தது. இருக்கை வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது. வலது கைப்பிடியில் தோல் வாயைப் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சைக் காட்டிச் சிரித்தது.

"நீங்க உட்கார்ந்தா அது அழுவுது. எழுந்தா கும்பிடுது" என்றாள் மனைவி. "ஒண்ணு சரி பண்ணுங்க, இல்ல தூக்கிப் போடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம்."

"திங்கள்கிழமை."

"சனிக்கிழமை."

"சரி சரி, ஞாயித்துக்கிழமை!"

ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் எங்கேயோ இடித்தது.

தெருமுனையில் பை, பெட்டி, பெல்ட் தைக்கிற ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். கூலி கேட்டேன். சொன்னார். பாதி சொன்னேன். ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

"வேலை வேண்டாம். வழியையாவது சொல்லுங்க. நானே பண்ணிக்கறேன்" என்றேன். கொசுறு கேட்காமல் நான் எந்தக் கடைப்படியையும் இறங்கியதில்லை.

நல்ல மனுஷர். சொன்னார்.

"முதல்ல காய்ஞ்ச துணியால தூசி தட்டுங்க. அப்புறம் தண்ணியில துளி சோப்பு. துணியை நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, மெல்லத் துடைங்க. நிழல்ல ஒரு நாள் காயணும்."

"அரை நாள்."

"என்னது?"

"அரை நாள்ல முடிச்சுக் குடுங்க."

"சார், காயப் போறது நான் இல்ல. தோல்."

"ஆறு மணி நேரம். இதுதான் கடைசி."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். மேற்கொண்டு சொன்னார்.

"காய்ஞ்சதும் கண்டிஷனர், தோலை மெத்துன்னு வைக்கிற கிரீம். சுண்டைக்காய் அளவு துணியில எடுத்து, மெல்லிசாத் தேய்க்கணும்."

"இவ்வளவு பெரிய நாற்காலிக்குச் சுண்டைக்காயா? ஒரு பூசணிக்காயாவது வேண்டாமா?"

"அதிகமானா கசியும் சார். கடைசியில, கிழிஞ்ச இடத்துக்குப் பசை. ரெண்டு பக்கமும் தடவிட்டு, பத்து நிமிஷம் சும்மா விடணும். விரல்ல ஒட்டாத பதம் வந்தப்புறம் சேர்த்து, மேல பாரம் வைக்கணும்."

"மூணு நிமிஷம்."

"நல்லா வருவீங்க சார்" என்றார்.

வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டிஷனர் ஒரு டப்பா, பசை ஒரு டப்பா வாங்கினேன். நிறம் போன இடத்துக்கு நாற்காலிச் சாயமும் கடையில் இருந்தது, விலையைப் பார்த்துவிட்டுத் தொடவில்லை. பழுப்பு ஷூ பாலிஷ் பக்கத்திலேயே மலிவாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். செருப்புத் தோலும் தோல்தான், நாற்காலித் தோலும் தோல்தான். மாடு ஒன்றுதானே!

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நாலு மணிக்கு வருவேன். அதுக்குள்ள முடியுமா?"

"ரெண்டு மணிக்கே முடியும்!"

பார்த்தீர்களா? என்னோடேயே பேரம் பேசித் தோற்பவன் நான் ஒருவன்தான்.

துடைத்தேன். ஒட்டப் பிழியவில்லை, தண்ணீர் என்ன காசா? நிழலில் ஆறு மணி நேரம் என்றிருந்ததை, பால்கனி வெயிலில் ஒரு மணி நேரமாக்கினேன். தோல் காய்ந்தது. காய்ந்ததோடு நிற்காமல் பலகை மாதிரி விறைத்தும் கொண்டது. பரவாயில்லை, கண்டிஷனர் இருக்கிறதே! முழு டப்பாவையும் கவிழ்த்தேன். நாற்காலி குடித்தது. மறுபடி குடித்தது. அப்புறம் வேண்டாம் என்று ஓரமெல்லாம் வழிய ஆரம்பித்தது. மேலே பாலிஷைப் போட்டுத் தேய்த்தேன். என் முகம் தெரிந்தது. ஆஹா!

நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். கடைசியாகக் கைப்பிடி. பசையைத் தாராளமாகத் தடவினேன். மூன்று நிமிஷம் என்று பேசியிருந்தேன். இரண்டு நிமிஷத்திலேயே தோலைச் சேர்த்தேன். மேலே பாரம் வேண்டும். வீட்டில் என் கையைவிடக் கனமான பொருள் எது? மனைவி திரும்பும்போது நாற்காலியில் ராஜா மாதிரி இருக்க வேண்டும் என்று, எடுத்து வைத்த கிரீம் கலர் பேண்டைப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கைப்பிடியில் வைத்து அழுத்தினேன். பசை ஓரமாகப் பிதுங்கி, சட்டையில்லாத என் முன்கையைச் செல்லமாகத் தொட்டது.

அரை மணி நேரம் கழித்து எழுந்தேன். அதாவது, நான் எழுந்தேன். கை எழவில்லை.

இழுத்தேன். நாற்காலி கூடவே வந்தது.

அழைப்பு மணி அடித்தது. மாடி வீட்டுக்காரர்.

"கதவு திறந்துதான் இருக்கு!"

எட்டிப் பார்த்தார். "சார், பீரோவை நகர்த்தணும். ஒரு கை குடுங்களேன்."

"கை காலியில்ல."

"சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"அதுக்குக் கை எதுக்கு சார்?"

"போய்யா மேல!" என்று கத்தினேன். ஒட்டிய மனிதனுக்குக் கோபத்தைக் காட்ட வாய் ஒன்றுதான் மிச்சம். "மரியாதைக்கு எழுந்திருச்சாவது திட்டலாம்" என்று முணுமுணுத்தபடி அவர் போனார்.

சரியாக நான்கு மணிக்கு மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அட! கண்ணாடி மாதிரி மின்னுதே! எழுந்திருங்க, நல்லாப் பார்க்கறேன்."

"அங்கிருந்தே பாரு."

காபி கொண்டுவந்தாள். இடது கையை நீட்டினேன்.

"வலது கைக்கு என்ன ஆச்சு?"

"ஓய்வு."

கைப்பிடியைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கைப்பிடியைப் பார்த்தாள். காபியைப் பத்திரமாக மேஜையில் வைத்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உட்கார்ந்து சிரித்து முடியாமல் படுத்துச் சிரித்தாள்.

"நாற்காலி போனா நானும் அதோடு போவேன்னீங்க. வாக்கு மாறாத மனுஷன்தாங்க நீங்க!"

"சிரிச்சது போதும். யாரையாவது கூப்பிடு!"

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ன பேசினாளோ, வெகுநேரம் பேசினாள். தெருமுனை ரிப்பேர்காரர் வந்தார். என் வாசலில் நின்று என் மனைவியோடு இரண்டு நிமிஷம் ரகசியம் பேசிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"அங்க என்ன பேச்சு?"

"வெந்நீர் எவ்வளவு சூடு வேணும்னு கேட்டேங்க" என்றாள்.

வெந்நீர், சோப்பு, சமையல் எண்ணெய். கொஞ்சம் கொஞ்சமாகப் பசையை இளக்கினார். முழங்கைக்கு விடுதலை. மணிக்கட்டு இன்னும் கைதி. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாற்காலியைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரேன் சார். ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி வந்ததும் அறுபது நாளைக்கு நீங்க உட்காரக் கூடாது."

"அறுபது நாளா!" துள்ளினேன். மணிக்கட்டு இழுத்து உட்காரவைத்தது.

"உங்க பாரத்துக்கு, அடைச்ச வெடிப்பெல்லாம் திரும்ப வாயைத் திறக்கும். சும்மாவும் போடக் கூடாது, விறைச்சிடும். லேசான ஆள் யாராவது தினம் உட்கார்ந்து பழக்கணும்."

"முப்பது நாள்!"

"அறுபது."

"நாற்பது!"

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்துக்கு மூடி போட்டார்.

"நாற்பத்தஞ்சு! நாற்பத்தஞ்சு!" என்று அலறினேன்.

பெருமூச்சு விட்டார். "உங்களுக்காக, சார்."

ஒரு கை ஒட்டிய நிலையில் பதினைந்து நாள் குறைத்தவன் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா? பெருமையில் கூலியைப் பற்றிப் பேசவே மறந்துவிட்டேன். ஆனால் லேசான ஆளுக்கு எங்கே போவது? மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ உட்காரேன்."

"நானா? உங்க குழியைக் கலைக்கவா? வேண்டாம்பா."

"ஒரு மணி நேரம். தினம்."

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"பாத்திரம் நான் தேய்க்கறேன். ரெண்டு மணி நேரம் உட்காரு."

"இடுப்பு ஒத்துக்குமோ என்னமோ..."

"கூட்டறதும் நான்! மூணு மணி நேரம்! அதுக்குக் குறைஞ்சா என் நாற்காலி விறைச்சிடும்!"

"சரி" என்றாள், ரொம்பச் சலிப்போடு. "உங்களுக்காக."

மூன்று மணி நேரம்! என் தொழில் வாழ்க்கையிலேயே இத்தனை வேகமாக நான் எதையும் ஏற்றியதில்லை. கை விடுபட்டது, பாதி முடி கைப்பிடியோடு போனது. கிரீம் பேண்டின் பின்பக்கம் அச்சு அசலாக ஒரு பழுப்பு நாற்காலி பதிந்திருந்தது.

ஒரு வாரத்தில் நாற்காலி வந்தது. மெத்தென்று, மங்கலான மினுமினுப்போடு, தையல் எங்கே என்று தெரியாமல். நாற்பத்தைந்து நாளும் நான் அட்டை மடித்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆடிக்கொண்டு, பாத்திரம் தேய்த்து, கூட்டி, காலண்டரில் கோடு போட்டேன். எதிரே அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். நேரம் கூடினால் நல்லது என்று நானே நாலாக்கினேன்.

நாற்பத்தாறாவது நாள் காலை போய் உட்கார்ந்தேன்.

பொருந்தவில்லை. என் குழி இல்லை. வேறு குழி. சின்னதாக, அழகாக, நடுவில்.

கடைக்கு ஓடினேன். "யோவ்! நாற்பத்தஞ்சு நாள்ல என் குழியே போயிடுச்சு! இதைக் கொஞ்சம் குறைச்சு வைச்சிருக்கக் கூடாதா?"

கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஒரு நாளே போதும் சார். உங்க வீட்டம்மாதான் அன்னிக்குச் சொன்னாங்க. அறுபதுன்னு ஆரம்பிங்க, நாற்பத்தஞ்சுக்கு வந்து நிப்பார், அதுக்குள்ள குழி விழுந்துடும்னு."

வீட்டுக்குப் பாய்ந்து வந்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி, மடியில் பேப்பர்.

"கோவமா வர்றீங்களா, பேரத்துக்கு வர்றீங்களா?" என்றாள், பேப்பரைத் திருப்பியபடி.

பேரத்துக்குத்தான் வந்தேன். பாதி நாள் கேட்டேன். இரண்டு மணி நேரம் கேட்டேன். விடாமல் பேசினேன். கடைசியில் முடிந்த பேரம் இது: அவள் குளிக்கப் போகும் பத்து நிமிஷம் நாற்காலி எனக்கு. அதைப் பன்னிரண்டாக்கியது என் சாமர்த்தியம்.

தினம் பன்னிரண்டு நிமிஷமாக, மூன்று வாரமாக இதை இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். குளியலறையில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. எழுந்து, இருக்கையை நன்றாகத் தடவிவிட வேண்டும். குழி கலைந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.