சிவப்பு அம்மனும் பச்சைக் கோழியும்

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவாயல் சந்திப்பில் பேருந்து நிற்பதில்லை. நிற்க இடமில்லை. நெடுஞ்சாலை ஓரம் முழுக்க வேன்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்தவர்கள் சீருடையோடு வருகிறார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் ஐஸ் பெட்டியில் இறாலோடு வருகிறார்கள். எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்து உழவர்கள் அரிசி மூட்டையோடு வருகிறார்கள். எல்லோரும் போவது ஒரு பழைய கிடங்குக்கு. அதன் வாசலில் பலகை: 'ஒளிமுகச் சித்தர். உங்கள் குலதெய்வத்தை உங்கள் கண்ணாலேயே காணுங்கள்.'

காதால் கேட்டதற்கே மொட்டை போட்டுக்கொண்ட மக்கள். கண்ணால் காணலாம் என்றால் விடுவார்களா?

முறை மிக எளியது. அரையிருட்டான கூடம். கறுப்புத் துணியின் மேல் பச்சை எல்.இ.டி. விளக்கில் ஓர் அம்மன் உருவம். அதன் மூக்குத்தியைக் கண் சிமிட்டாமல் பார்க்க வேண்டும். சித்தர் முப்பது வரை எண்ணுவார். அதற்கு மந்திரம் என்று பெயர். பிறகு விளக்கை அணைத்து, "வெள்ளைச் சுவரைப் பார்" என்பார். பார்த்தால் சுவரில் அம்மன் நிற்பாள். கிரீடம், சூலம், மூக்குத்தி எல்லாம் இருக்கும். ஆனால் பச்சையாக இல்லை, சிவப்பாக.

"பலகையில் இருப்பது வெறும் விளக்கு. சுவரில் வருவதுதான் சாமி. சிவந்து வந்தால் கோபம்" என்பார் சித்தர்.

எல்லோருக்கும் சிவந்துதான் வந்தாள். எல்லோரும் பரிகாரம் செய்தார்கள். செய்தவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போவார். அங்கே விளக்கு அம்மன் சிவப்பு. சுவரில் வரும் அம்மன் குளுகுளுவென்று பச்சை. கோபம் தணிந்துவிட்டதாம். 'பரிகாரம் செய்யாதவர் இந்த விளக்கைப் பார்த்தால் கண் போய்விடும்' என்று அந்த அறைக் கதவில் எழுதியிருந்தது. கதவுக்குப் பூட்டு கிடையாது. அந்த எழுத்தே போதும்.

சித்தரின் பழைய பெயர் வசந்தகுமார். கல்யாண மண்டபங்களுக்குச் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் என்ன? "சீரியல் லைட்டு கட்டிக்கினு இருந்தவரு வாழ்க்கையில அம்மனே லைட்டு போட்டுட்டா பாரு" என்று அதையும் அற்புதக் கணக்கில் சேர்த்தார்கள்.

இந்தக் கிடங்கில் எங்கள் குடும்பம் கால் வைத்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாங்கள் சாதாரணக் குடும்பம் அல்ல. ஏரித் தண்ணீர் முதலில் பாய்வது எங்கள் வயலுக்கு. ஐந்து தலைமுறையாக எங்கள் ஆண்கள் மீசை எடுத்ததில்லை. துக்கத்துக்குத் தலையை மழிப்போம். மீசையில் கத்தி படாது. எங்கள் குலதெய்வம் முனீஸ்வரனுக்கே மீசை காது வரை இருக்கும்.

என் தம்பி அருணகிரியின் மகள் பூமிகாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை விஜயகுமார் நல்ல பையன். அவன் தாய் துர்காதேவி நல்லவள்தான், ஆனால் பக்தி கொஞ்சம் மிஞ்சியவள். பத்திரிகை அச்சடிக்கும் முன் பெண் வீட்டுக் குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. குழந்தை எடுப்பது வெள்ளையென்றால் சாமிக்குச் சம்மதம்.

துர்காதேவிக்கு அது போதவில்லை. "பூ எல்லாம் பழசு சம்மந்தி. இப்ப சாமியே நேர்ல வந்து சொல்லுது. புதுவாயலுக்கு ஒரு எட்டு போய் வந்துட்டா மனசு நிம்மதியாயிடும்."

நானும் தம்பியும் துர்காதேவியோடு, வாடகைக்கு ஓட்டும் பென்னியின் வேனில் போனோம். முப்பது எண்ணி முடித்துச் சுவரைப் பார்த்தோம். சிவப்பு அம்மன். நான் கை கூப்பவில்லை. கைகள் தாமாகவே கூடின.

இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். "எங்க சாமி முனீஸ்வரன். அவருக்கு ஏது மூக்குத்தி?"

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "கோபம் முற்றியதால் மீசையைத் துறந்து பெண்ணுருவில் வந்திருக்கிறார். அவருக்காகப் பெண்ணின் தகப்பனும் மீசையைத் துறக்க வேண்டும். அரிசி ஐந்து மூட்டை. அடுத்த ஞாயிறுக்குள் செய்யாவிட்டால் இந்தக் கல்யாணம் ஆகாது."

வேன்காரன் பென்னி வாசலில் நின்று எட்டிப் பார்த்தவன். "பெரியவரே, நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கும் அந்தம்மா தெரிஞ்சுதே, அது இன்னா கணக்கு?"

"ஒங்க முப்பாட்டனுக்கும் ஒரு சாமி இருந்துருக்கும்பா. மறந்துட்டீங்கன்னு கோவம்" என்றாள் துர்காதேவி.

பென்னி அன்றிலிருந்து ஞாயிறு பூசைக்கு இரண்டு முறை போகிறான்.

பூமிகா காக்களூர் தொழிற்பேட்டையில் கடைகளுக்கான எல்.இ.டி. பலகை செய்யும் யூனிட்டில் வேலை செய்கிறாள். செய்த பலகைகளை எரியவிட்டுச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அன்று மாலை நாங்கள் நடந்ததைச் சொன்னதும் புரையேறும் வரை சிரித்தாள்.

"பெரீப்பா, அந்த அம்மன் நீங்க கண்ண எங்க திருப்புனாலும் கூடவே வந்துச்சா?"

"வந்தது. எங்கும் நிறைந்தவள்."

"எனக்கும் டெய்லி வருது. மருந்துக்கடை பிளஸ்ஸு, டீக்கடை கிளாஸு, செருப்புக்கடை செருப்பு. டெஸ்டிங் முடிச்சிட்டு தண்ணி குடிக்கப் போனா செவுரு பூரா செருப்புதான். யாரும் கும்பிடல."

"கல்யாணப் பெண் அடக்கமாக இரு" என்றேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. என் தம்பி அந்த வாரம் முழுக்க மீசையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. வழியனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு ஞாயிறு கிடங்கு நிரம்பி வழிந்தது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அருணகிரி. சவரக்காரர் இடப் பக்கத்தை முடித்துவிட்டு வலப் பக்கம் வந்தபோது, வாசலில் பூமிகா நின்றாள். கையில் கோணிப்பை. உள்ளே ஏதோ பெரிய பலகை.

"நைனா, எந்திரிக்காத. அண்ணே, கத்திய கொஞ்சம் நிறுத்துங்க" என்றவள் சித்தரிடம் திரும்பினாள். "சாமி, பலகையில இருக்குறது வெறும் விளக்கு, செவுத்துல வர்றதுதான் சாமின்னு சொன்னீங்களாமே."

"ஆமாம்."

"அப்ப எந்த விளக்க வெச்சாலும் அம்மன்தானே வரணும்?"

சித்தர் யோசித்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. யோசிக்கும் சித்தரை அது அதற்கு முன் பார்த்ததில்லை.

"ம்" என்றார்.

கோணிப்பையிலிருந்து பலகை வந்தது. புதுவாயல் பிரியாணிக் கடை ஒன்றுக்காக அவர்கள் யூனிட்டில் செய்தது. அம்மனை மறைத்து அதை மாட்டி, ஒயரைச் செருகினாள். பச்சை நிறத்தில் ஒரு கோழி எரிந்தது. கொண்டை, வால், இரண்டு கால்.

"எல்லாரும் கோழி கண்ணையே பாருங்க. சிமிட்டக் கூடாது."

அவளே முப்பது வரை எண்ணினாள். மந்திரம் இல்லை, ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கை அணைத்தாள். முந்நூறு தலைகள் சுவரைப் பார்த்துத் திரும்பின.

சுவரில் சிவப்பாக ஒரு கோழி நின்றது.

பழக்கதோஷத்தில் நூறு பேர் கும்பிட்டுவிட்டார்கள். முன்வரிசையில் பழவேற்காட்டிலிருந்து வந்த பூவம்மாள் கன்னத்தில் போடப் போன கையை நிறுத்தினாள்.

"சாமீ, கோழி வந்துக்கீது."

சித்தர் அசரவில்லை. "அம்மன் கோழி கேட்கிறாள்."

"நாட்டுக்கோழியா, பிராய்லரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வாங்கிவரத்தான் கேட்டார்.

"இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றாள் பூமிகா. மறுபடி கோழி எரிந்தது, மறுபடி முப்பது. "இப்ப செவுரு வேணாம். சித்தர் வேட்டிய பாருங்க."

சித்தர் கட்டியிருந்தது வெள்ளை வேட்டி. அவர் மடியில் அந்தச் சிவப்புக் கோழி அடைகாத்தது. அவர் இடப்பக்கம் ஒதுங்கினார். கோழியும் கூடவே போனது. வலப்பக்கம் ஒதுங்கினார். அங்கேயும் வந்தது.

கூடத்தில் முதல் சிரிப்பு துர்காதேவியுடையது. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை.

பூமிகா பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். கோழி சிவப்பாக எரிந்தது. "இதுதான் உள்ளறை விளக்கு. பரிகாரம் பண்ணாதவங்க பாத்தா கண்ணு போயிடுமாம். நான் பாக்குறேன். கூட யாரு?"

யாரும் அசையவில்லை. துர்காதேவி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் பாக்குறேன். வரப்போற மருமவ பாக்குறப்ப எனக்கு இன்னா."

இருவரும் பார்த்தார்கள். பிறகு துர்காதேவி சுவரைப் பார்த்தாள்.

"பச்சக் கோழி" என்றாள். "கோவம் தணிஞ்சிடுச்சி. மீசை இன்னும் பாதி இருக்குதே?"

"சாமி இல்ல அத்தை, கண்ணு. பச்சைய வெறிச்சுப் பாத்துக்கினே இருந்தா, கண்ணுல பச்சைய பாக்குற எடம் களைச்சுப் போவுது. அப்புறம் வெள்ளச் செவுத்தப் பாத்தா, வெள்ளையில இருக்குற பச்சை மட்டும் சரியா தெரியாது. மிச்சம் செவப்பா தெரியுது. செவப்பப் பாத்தா அதே மாதிரி பச்ச. கொஞ்ச நேரம் கண்ணு இளைப்பாறுனா தானா போயிடும்." அம்மன் பலகையைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். "பின்னாடி எங்க யூனிட் ஸ்டிக்கர். நான் செக் பண்ண பலகை இது. ஆர்டர் குடுத்தவரு பேரு வசந்தகுமார்."

ஒளிமுகச் சித்தரின் முகத்தில் ஒளியைத் தேடினேன். சித்தரையே காணவில்லை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. முதன்முதலாக அந்த எழுத்தை மீறி உள்ளே போனவர் அவர்தான். அந்த அறைக்குப் பின்வாசல் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

மக்கள் அவரவர் அரிசி மூட்டையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். கொண்டுவராதவர் சிலரும் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

அருணகிரி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். வலப் பக்கம் ஐந்து தலைமுறை, இடப் பக்கம் வெறும் தோல்.

"பெரியவரே, மீதிய இன்னா பண்ணட்டும்?" என்று சவரக்காரர் என்னைக் கேட்டார்.

குடும்ப மானத்தைப் பாதியில் நிறுத்தினால் இன்னும் அசிங்கம். எடுக்கச் சொன்னேன்.

துர்காதேவி அங்கேயே பூமிகாவின் தலையில் பூ வைத்தாள். வெள்ளைப் பூ, பொட்டலம் கட்டவில்லை. பத்திரிகை அடுத்த நாளே அச்சுக்குப் போனது.

பிரியாணிக் கடையில் அந்தக் கோழிப் பலகையை மாட்டிவிட்டார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். யாரோ அதற்கு மாலை போட்டிருந்தார்கள்.

தம்பியின் மீசை கல்யாணத்துக்குள் வளர்ந்துவிட்டது. அறிவும் அப்படித்தான், விட்டால் வளரும். எவனோ ஒருவன் நாற்காலி போட்டுக் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.