அப்டேட் சித்தரின் செப்புக் கவசம்

சமயநல்லூரைத் தாண்டினால் திண்டுக்கல் ரோட்டோரம் ஒரு புளியந்தோப்பு. பௌர்ணமி அன்று காலையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு, மதுரை ஜில்லாவில் இம்புட்டு மின்சாரக் கார் இருக்கிறதா என்று தலை சுற்றும். மாலை போட்ட கார், சந்தனம் பூசிய கார், கோயம்புத்தூரிலிருந்து விரதம் இருந்து வந்த கார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நம் ஊர் வழக்கம். இங்கே சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள்ளும் ஒரு பழத்தைச் சொருகினார்கள். பழத்தைப் பிதுக்கி எடுக்கத் தனியாக ஒரு ஆள் போட்டிருந்தார்கள், அவருக்குத் தனிக் காணிக்கை.

தோப்புக்குள் இருந்தவர் ஜெயராமச் சித்தர். ஜனங்கள் செல்லமாக அப்டேட் சித்தர் என்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு கார் கம்பெனி ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருந்தார். அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார், துறவு பூண்டதாக.

அவர் செய்த அற்புதம் இது. முதல் தடவை சித்தரே வண்டிக்காரர் வீட்டுக்கு வந்து, காரின் கூரை மேல் பின்பக்கம் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கிற ஆண்டெனா மேல் ஒரு செப்புக் கவசத்தை மாட்டுவார். தீய அலைகள் வண்டிக்குள் நுழையாமல் அது காக்குமாம். அதற்குப் பிறகு அந்தக் கவசத்தை வண்டிக்காரரும் தொடக் கூடாது, சித்தரும் தொட மாட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி காரைத் தோப்பில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு காவித் துணியைப் போட்டுக் காரை முழுக்க மூடுவார்கள். சித்தர் சாவியோடு துணிக்குள் நுழைந்து ஐந்து நிமிஷத்தில் வெளியே வருவார். பக்தர்கள் முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அப்புறம் இன்னொரு முறை துணிக்குள் போய் வருவார். துணியை விலக்கினால், காரின் திரையில் புது எழுத்து. ஒரு மாதம் ஏசி வேகமாகக் குளிரும், ஒரு மாதம் கூடுதலாகப் பத்து கிலோமீட்டர் ஓடும். யாரும் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பவில்லை. வண்டி தானாகத் தேறிவிட்டது. சனம் கும்பிட்டு விழுந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கும்பிட்டு விழுந்த அத்தனை பேர் பையிலும் கைபேசி இருந்தது. அதற்கும் மாதாமாதம் அப்டேட் வருகிறது, காற்றிலே சிக்னலாக. கம்பெனிக்காரன் அனுப்புகிறான், போன் வாங்கிக்கொள்கிறது. எந்த மனிதனும் அதற்குத் தேங்காய் உடைத்ததில்லை. அதே சங்கதி நாலு சக்கரத்தின் மேல் நடந்தால் மட்டும் அற்புதமாகிவிட்டது.

பரவை அழகுபாண்டி அந்தக் கூட்டத்தில் முதல் வரிசை ஆசாமி. மின்சாரக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர். கவசம் மாட்டின நாளிலிருந்து அவருடைய காரில் மேப் வேலை செய்யவில்லை. ஆரப்பாளையத்தில் நின்றாலும் திரையில் பரவையையே காட்டியது. சித்தரிடம் கேட்டார். "வண்டி ஒங்க மேல உசுரா இருக்கு. அது மனசு வீட்டுலதான் கெடக்கு" என்றார் சித்தர். அழகுபாண்டிக்குக் கண் கலங்கிப் போனது. இப்படி ஒரு வண்டி யாருக்கு அமையும் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அந்த வண்டிதான் ஒரு வியாழக்கிழமை காலையில் அவரை நடுரோட்டில் விட்டது.

பின் சீட்டில் மைதீன் பீவி இருந்தார். சமயநல்லூர்க்காரர், அறுபது வயது, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவர். திங்களும் வியாழனும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் அடுத்த நாலு நாள் மூச்சு விட முடியும். இரண்டு வருஷமாக அழகுபாண்டி வண்டிதான். அன்றைக்குத் திரையில் இருபத்திரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. கூடல் நகர் தாண்டுவதற்குள் இருபத்திரண்டு பூஜ்யமானது. வண்டி அசையவில்லை. பீவியம்மாவை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். ஒரு மணி நேரம் தாமதம். ஆஸ்பத்திரியில் அடுத்த ஆள் காத்திருந்ததால் பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். மறுநாள் அழகுபாண்டி பார்க்கப் போனபோது அந்த அம்மாவின் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"தம்பி, அந்த மிஷினு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காது" என்றார் பீவி. "திங்கக்கெழமையும் இப்படி ஆச்சுன்னா என்னைய மவுத்தாத்தான் தூக்கணும். சத்தியமெல்லாம் பண்ண வேணாம். வண்டிய சரிபண்ணிட்டு வா. இல்லாட்டி முடியாதுன்னு இப்பவே சொல்லிரு, வேற பாத்துக்கறேன்."

அழகுபாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே தோப்புக்குத்தான் ஓடினார். மனுஷனுக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் போனை வைத்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்த செய்தி அதில் மூன்றாவது முறையாகக் கிடந்தது. 'முக்கியமான அப்டேட் காத்திருக்கிறது. வாகனத்தைச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நிறுத்தவும்.'

சித்தர் அதைப் படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கம்பெனிக்காரன் கண்ணு வைக்கிறான். இத மொதல்ல அழிச்சிரு. ஞாயித்துக்கெழமை பௌர்ணமி. பேட்டரிக்குப் பெரிய சாந்தி பண்ணிருவோம்."

அழகுபாண்டி அழித்தார். பெரிய சாந்திக்கு முன்பணமும் கட்டினார்.

அவருடைய மனைவி முனியாயிக்குப் பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை. மூட்டைக்குச் சாயத்தில் குறி போடுவது. ஒரு மண்டி மூட்டை இன்னொரு மண்டிக்கு நழுவினாலும் அந்த நீலக் குறி காட்டிக்கொடுத்துவிடும். பத்து வருஷமாக அந்த அம்மாள் விரலில் நீலம் போனதில்லை. சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஒன் வண்டி மேப்பு எங்கன நிக்கிது?"

"பரவையில."

"பரவையில நின்னது போன பௌர்ணமிக்கு முந்தி. நான் நேத்து பாத்தேன். இப்ப சமயநல்லூர் தோப்புல நிக்கிது."

அழகுபாண்டி சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். வாஸ்தவம்தான். ஒரு மாதமாகத் தோப்பையே காட்டிக்கொண்டிருக்கிறது. தோப்பின் மேல் வண்டிக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

"கவசத்த மாட்டுனதும் வண்டிக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்றாள் முனியாயி. "பூசை நடந்த அந்த முக்கா மணி நேரம் மட்டும் கண்ணு தெரிஞ்சிருக்கு. எப்பிடி? துணிக்குள்ள போயி அந்தாளு கவசத்தக் கழட்டுறான். மறுபடி போயி மாட்டுறான்."

"சாமி தொட மாட்டாருடி. தொட்டாப் பாவம்."

"தொட்டாரா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன். ஆனா ஒன் வண்டிய நாளைக்கு அந்தத் துணிக்குள்ள விடாத. தோப்புக்கு வெளிய மாடு கட்டுற எடத்துல நிப்பாட்டு. கவசத்தக் கழட்டு. பூட்டிட்டு ஒக்காரு. பூசையும் வேணாம், புண்ணாக்கும் வேணாம்."

"அப்டேட் வரலைன்னா?"

"நாளைக்கே பீவியம்மாக்கிட்டப் போயி முடியாதுன்னு சொல்லு. பொய்ய நம்பிக்கிட்டு அந்தம்மாவ ஏத்தாத."

ஞாயிற்றுக்கிழமை. வரிசையில் முதல் கார் சிவசங்கரன் சாருடையது. அழகுபாண்டி வைத்திருக்கிற அதே மாடல். சிவசங்கரன் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஒயரோடு வாழ்ந்தவர், நெற்றி நிறைய விபூதியோடு கைகட்டி நின்றார். முனியாயி ஒரு கிண்ணத்தோடு அவரிடம் போனாள்.

"சார், கவசத்துக்கு ஒரு பொட்டு வச்சுக்கிரட்டுமா?"

"பேஷா வைம்மா. பக்திதானே."

முனியாயி முன்னால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். கவசத்தின் அடி விளிம்பு முழுக்க மண்டிச் சாயத்தைத் தடவினாள். சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க விளக்கெண்ணெய் கலந்த சாயம்.

இரண்டாவது கார் அழகுபாண்டியுடையது. சித்தரின் சீடன் துணியை விரித்துக்கொண்டு வந்தான். அழகுபாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். துணிக்குள் விட்டால் சித்தர் பார்த்துக்கொள்வார், பழக்கப்பட்ட வழி. வெளியே போனால் என்ன ஆகுமோ. வீங்கின அந்தக் கால் இரண்டும் கண்ணில் வந்து நின்றன. வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"அண்ணே, வரிசைய விட்டுப் போனா பேட்டரி தீப்புடிக்கும். அப்பறம் சாமி பொறுப்பில்ல" என்று சீடன் கத்தினான்.

"இதுவரைக்கும் பொறுப்பா இருந்தாரா?" என்று கேட்டுவிட்டு அழகுபாண்டி போய்விட்டார். வெளியே இரண்டு எருமைகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தினார். கவசத்தைப் பிடித்து இழுத்தார். வெறும் மெழுகில் ஒட்டியிருந்தது, கையோடு வந்துவிட்டது. திரையில் மேப் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு அவர் நிற்கிற இடத்தைச் சரியாகக் காட்டியது. கூடவே ஒரு பொத்தானும் வந்தது, 'இப்போது நிறுவவா?' என்று. அழுத்தினார். வண்டியைப் பூட்டிவிட்டுச் சாணியில் கால் படாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். தீப்பிடிக்கவில்லை. ஒரு எருமை மட்டும் கண்ணாடியை நக்கியது.

தோப்புக்குள் தானும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்த சித்தர், முக்கால் மணி நேரம் முடிந்து இரண்டாம் தடவை துணிக்குள் போய் வெளியே வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அருள் இறங்கிவிட்டதாக அறிவித்தார். முனியாயி எழுந்தாள்.

"சாமி, கவசத்தத் தொட்டீங்களா?"

"தொட்டா மகா பாவம் தாயி. இதுவரைக்கும் ஒரு கவசத்தக்கூட நான் தொட்டதில்ல."

"அப்பக் கைய விரிச்சுக் காட்டுங்க."

காட்ட வேண்டிய அவசியமே இல்லை. பத்து விரலும் நீலம். வேர்வையைத் துடைத்ததில் மூக்கும் நெற்றியும் நீலம். கூட்டம் வாயைப் பிளந்தது. ஆனால் சித்தர் லேசுப்பட்ட ஆளா? ஒரு கணம் கையைப் பார்த்தார். அப்படியே வானத்தைப் பார்த்தார்.

"இந்த வண்டியோட வெசத்தப் பூராவும் நான் வாங்கிக்கிட்டேன். அதான் ஒடம்பெல்லாம் நீலம் பாஞ்சிருச்சு."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டத்தில் பாதி பேர் தொப்பென்று காலில் விழுந்தார்கள். ஒருவர் அவருக்குப் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

முனியாயி தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "அப்ப நானும் பத்து வருசமா வெங்காயத்தோட வெசத்த வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கும் ஒரு பீடம் போடுங்க. இது எங்க மண்டிச் சாயம். சார் கவசத்துக்கு அடியில நான்தான் தடவுனேன். தொடாதவரு கையில எப்பிடி ஒட்டுச்சு?"

காலில் விழுந்தவர்களில் சிலர் எழுந்தார்கள். சிலர் எழுந்திருக்கலாமா என்று பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அழகுபாண்டி வண்டியோடு உள்ளே வந்தார். துணி போர்த்தாத, பூஜை காணாத, டயரில் சாணி ஒட்டிய வண்டி. திரையில் புது எழுத்து இருந்தது. சிவசங்கரன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "மீதமுள்ள சார்ஜைத் தவறாகக் காட்டும் குறை சரிசெய்யப்பட்டது." அதற்குக் கீழே அதை அனுப்பிய தேதி. அவர் குரல் இறங்கிப்போனது. "இருபத்தாறு நாளைக்கு முந்தியே அனுப்பியிருக்கான்."

இருபத்தாறு நாளாக அந்த மருந்து வண்டியின் வாசலில் நின்றிருக்கிறது. காசு கொடுத்து மாட்டின செப்புத் தகடு கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறது. நிறுத்தி வைத்ததும் சித்தர், பௌர்ணமி அன்று உள்ளே விட்டுவிட்டு அருள் என்று கைநீட்டிக் காசு வாங்கியதும் அவரே.

"தகட்டால மூடினா சிக்னல் போகாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் சிவசங்கரன், தலையைக் குனிந்தபடி. "பரீட்சையில எழுதியிருக்கேன்."

"எழுதுனதோட விட்டுட்டீங்களாக்கும்" என்றாள் முனியாயி.

இதற்குள் தோப்புக்குப் பின்னால் ஒரு இன்ஜின் உறுமியது. சித்தர் தப்பிக்க வைத்திருந்தது டீசல் ஜீப். ஜனங்கள் குறுக்கே கார்களை நிறுத்திவிட்டார்கள். போலீஸ் வந்து நீல முகத்தோடு இறக்கிக் கூட்டிப்போனது.

திங்கட்கிழமை காலையில் மைதீன் பீவி ஏறினார். திரையில் முப்பத்தொன்று காட்டியது. அழகுபாண்டி எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார், செய்தியை அழித்தது தான்தான் என்பதையும் சொன்னார்.

"ஒன் சாமி மேல கோவமில்ல தம்பி, அவன் திருடன்" என்றார் பீவி. "ஒன் மேலதான் கோவம். நீ படிக்கத் தெரிஞ்சவன்."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது திரையில் பத்தொன்பது இருந்தது. உள்ளதைச் சொல்கிற பத்தொன்பது. மிஷின் காலியாகும் முன்னாலேயே அந்த அம்மா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

அழகுபாண்டி சார்ஜ் போடுகிற இடத்துக்கு வந்தார். தோப்பில் பார்த்த முகம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டே வந்தது.

"மாப்ள, தங்கச்சிகிட்டச் சொல்லி அந்த நீலச் சாயம் கொஞ்சம் வாங்கிக் குடேன். வண்டிக்கு ஒரு பொட்டு வச்சுக்கிறேன். அம்புட்டுப் பெரிய சித்தரையே புடிச்சுக் குடுத்த சாயம்ல, பவரு இருக்கும்."

அழகுபாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மண்டியில சாயம் கிலோக் கணக்குல கெடக்கு, சும்மாவே வாங்கித் தாரேன்" என்றார். "ஆனா வைக்கிறதுக்கு முந்தி இது எதுக்குன்னு ஒரே ஒரு தடவ கேளுங்க. கேட்டுட்டா அப்பறம் வைக்க மாட்டீங்க."