தாயக்கட்டையோடு ஷாஃப்ட்டுக்கு ஓடிய கதை

கையில் அதிகாரம் வந்தால் நான் எப்படி ஆவேன் என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை வந்தது, பார்த்துவிட்டேன். அதனால்தான் என் பேத்தி தீபா பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கெங்கேயோ இருப்பவர்கள் போனில் ஒன்றாகச் சேர்ந்து விளையாடுவார்களாம். தோற்கிறவன் ஜெயிக்கிறவனைக் கண்டபடி ஏசுவானாம். ஏசுகிறவனைப் பிடித்து ஆட்டத்தை விட்டு வெளியே தள்ளுவது இவள் வேலையாம். அதற்குச் சம்பளமாம். (எனக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கல. அரிசிதான் பொறுக்கிக் குடுத்தாங்க. சொல்றேன், இருங்க.)

"தமிழ்ல எதெல்லாம் கெட்ட வார்த்தைன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க ஆயா. நீ சொல்லேன்."

"எந்த ஊரு தமிழுக்குடி?" என்றேன். முழித்தாள். எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல அவளே எழுதட்டும் என்று இந்தக் கதையைச் சொன்னேன்.

கல்யாணமாகி நான் தங்கவயலுக்கு வந்த புதிது. ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் தட்டி வீடு. (ஸ்கெலட்டன்னா எலும்புக்கூடுன்னு யாரோ பின்னாடிதான் சொன்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆற்காட்டுப் பக்கத்துல ரயிலே ஏறியிருக்க மாட்டேன்.) என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. காலை ஷிப்டுக்கு ஆம்பளைகள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாஃப்ட் என்கிற குழி வழியாகப் பூமிக்குள் இறங்கிவிட்டால், மத்தியானம் லைனில் எல்லாம் பொம்பளைகள்தான். சமையல் முடிந்ததும் தாயக்கட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆட்டமா அது? காயை வெட்டினால் வெட்டினவளின் ஏழு தலைமுறையும் தெருவுக்கு வந்துவிடும். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் ஏறி, கன்னடத்தில் வந்து முடியும். ஒரு நாள் ஏச்சு முற்றி, குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எல்லாருக்கும் மூத்தவளான ராகேல் அக்கா என்னைக் கைகாட்டினாள்.

"இவ புதுசு. எந்தப் பக்கமும் சேராதவ. எவ வாயில கெட்ட வார்த்த வருதோ, அவள இவ எழுப்பி வுடட்டும்."

சும்மா எழுப்பி விட்டால் எவள் பயப்படுவாள்? அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். ஏசினவள் ஆட்டத்தை விட்டு எழுந்து, சுவரோரம் உட்கார்ந்து, எங்கள் வீட்டு அரிசியில் ஒரு முறம் கல் பொறுக்க வேண்டும். ரேஷன் அரிசி. அரிசிக்குச் சமமாகக் கல் இருந்த காலம்.

முதலில் நியாயமாகத்தான் இருந்தேன். அம்மா, அக்கா என்று இழுத்து ஏசினவர்களை மட்டும்தான் எழுப்பினேன். பிறகு பார்த்தால் எங்கள் வீட்டுச் சோறு மல்லிகைப்பூ மாதிரி வந்தது. மாமியார் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. 'மூதேவி' என்றால் ஒரு முறம். 'கழுதை' என்றால் ஒரு முறம். 'உன் மூஞ்சி' என்று ஒருத்தி சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அரை முறம். பக்கத்து வீட்டு மங்கம்மா ஒன்றுமே பேசாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கும் ஒரு முறம் வைத்தேன்.

அன்றைக்குத்தான் மங்கம்மா வெடித்தாள்.

"இன்னாமே, ஒங்க ஊட்டு அரிசி பொறுக்கத்தான் எங்க அம்மா என்னப் பெத்தாளா? நீ ஆட்டத்துக்கு ஜட்ஜா, ஒன் மாமியாளுக்கு வேலக்காரி பிடிக்கிற ஏஜென்டா?"

அவள் சொன்னது அப்படியே உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கட்டையைப் பிடுங்கிக் கையில் இறுக்கிக்கொண்டு, "ஒன் குடும்பத்து மேல மண்ணு விழ" என்றேன்.

எங்கள் கிராமத்தில் இது ஏச்சே இல்லை. அம்மா சோறு போடும்போது கூடச் சொல்வாள். ஆட்டைப் பார்த்துச் சொல்வோம், பெய்யாத மழையைப் பார்த்துச் சொல்வோம்.

இங்கே அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. எவ்வளவு கேவலமான சண்டையிலும் அந்த லைனில் ஒருத்தியும் அந்த வார்த்தையை எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாருடைய புருஷனும் அந்த நேரத்தில் மண்ணுக்குக் கீழேதான் இருந்தான்.

மங்கம்மா திருப்பி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராகேல் அக்காதான் மெதுவாகச் சொன்னாள்.

"அவ ஊட்டுக்காரரும் ஒன் ஊட்டுக்காரரும் ஒரே லெவல்லதான்டி, ஒரே ஆழத்துல வேல செய்றாங்க."

அவ்வளவுதான். எழுந்து ஷாஃப்ட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். செருப்பு இல்லை, தலைமுடி அவிழ்ந்து தொங்குகிறது, கையில் தாயக்கட்டை.

"அடியே, கட்டையக் குடுத்துட்டுப் போடி" என்று கத்திக்கொண்டு லைன் பொம்பளைகள் எல்லாம் பின்னால் ஓடி வந்தார்கள். (பித்தளைக் கட்டை. ராகேல் அக்கா சீதனம்.)

எனக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. தங்கவயலில் பொம்பளைகள் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே பாறை வெடித்துவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். தையல்காரர் ஊசியோடு ஓடி வந்தார். "எந்த லெவலு? எத்தினி பேரு?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு சுரங்க வாசல் கேட்டுக்கு வரும்போது பாதி ஸ்கெலட்டன் என் பின்னால் நின்றது. வாட்ச்மேன் பயந்து கேட்டைச் சாத்தினார்.

அந்த நேரம் ஷிப்டு முடிந்து கேஜ் மேலே வந்தது. என் வீட்டுக்காரரும் மங்கம்மா வீட்டுக்காரரும் சேர்ந்தே இறங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டு பேரும் தலைத் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

"யாரு?" என்றார் என் வீட்டுக்காரர். செத்தது யாரு என்று கேட்கிறார்.

கையை விரித்துக் காட்டினேன். தாயக்கட்டை.

மங்கம்மாதான் பதில் சொன்னாள். "யாருக்கும் ஒண்ணியும் ஆவலண்ணா. ஒன் பொண்டாட்டி ஆட்டத்துல ஏசிட்டா."

"ஏசினதுக்கா இவ்ளோ ஜனம்?" என்றார் வாட்ச்மேன்.

முதலில் சிரித்தது மங்கம்மா வீட்டுக்காரர். பிறகு கேட்டில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. தையல்காரர் மட்டும் ஊசியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். மங்கம்மா என் கையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள்.

"சட்டம் நீ போட்டதுதான? வா, வந்து பொறுக்கு."

பொறுக்கினேன். அந்த லைனில் எத்தனை வீடோ அத்தனை வீட்டு முறமும் என் முன்னால் வந்தது. அவர்கள் என்னை ஒதுக்கி வைத்திருக்கலாம். முறத்தோடு விட்டார்கள். அந்த மகராசிகளை இன்றைக்கும் கும்பிடுகிறேன். மங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் வீட்டு அரிசியைத் தானே பொறுக்க ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஷிப்டு முடிந்து வந்தால் வாசற்படியில் நின்று, தொப்பியைத் தட்டி, என் காலடியில் தூசியைக் கொட்டுவார்.

"இந்தா, நீ கேட்ட மண்ணு. மீதி கீழ கீது, நாளிக்கி எடுத்தாறேன்."

ரிட்டயர் ஆகும்வரை தினமும் வாசலைக் கூட்டினேன். ஒரு நாள்கூட எனக்கு அலுக்கவில்லை. அந்தத் தூசி விழுந்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அவர் போய் வருஷமாச்சு, கட்டிலில், வயசாகி, நிம்மதியாக. இப்போது தீபா பெங்களூர் ரயிலை விட்டு இறங்கி வந்து, படியில் நின்று செருப்பைத் தட்டுகிறாள்.

"ஆயா, இந்தா மண்ணு."

நான் துடைப்பத்தை எடுக்கிறேன்.