நடக்கும் எல்லைக்கற்கள்

முப்பத்தாறு நாடுகள் இருந்தன. முப்பத்தாறும் சமம் என்றொரு சட்டமும், அதைக் காக்க ஒரு மன்றமும் இருந்தன. மன்றத்துக்குக் காவலர்கள் இருந்தார்கள். சட்டத்துக்கு யாரும் இல்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம். பேச எழும் தூதர், தன் நாட்டு மண்ணில் ஒரு பிடியை மேடைத் தட்டில் வைக்க வேண்டும். மண் இல்லாதவருக்கு நாடில்லை. நாடில்லாதவருக்கு அங்கே வாயில்லை.

ஒருநாள் சிறுநொச்சியின் தூதர் பூவாத்தி மண்ணை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பெருங்கோட்டு எல்லைக்கல்லு நடக்குதுங்க. நேத்து வரப்புல நின்னது, இன்னிக்கு விடிஞ்சா எங்க கிணத்தடியில நிக்குது. அது தாண்டிப் போன வீட்டு ஆளுங்களுக்கு எங்களை அடையாளமே தெரியலை. இன்னும் நாலு வீடு தள்ளித்தான் என் தங்கச்சி இருக்கா."

பெருங்கோட்டுத் தூதர் அடலேறு புன்னகைத்தார். "எங்கள் கற்கள் நடப்பது எங்கள் உள்நாட்டு விவகாரம்."

அவைத்தலைவர் சாந்தலிங்கனார் கண்களை மூடித் திறந்தார். "மன்றம் ஆழ்ந்த கவலை கொள்கிறது. நடத்தல் என்றால் என்ன என்பதை ஒரு குழு வரையறுக்கும். அதுவரை இரு தரப்பும் கற்களைத் தொடலாகாது."

அதுநாள்வரை சிறுநொச்சி மக்கள் முறைவைத்துக் கற்களுக்கு முதுகு கொடுத்துத் தடுத்து நின்றிருந்தார்கள். சட்டத்தை மதிப்பவர்கள் ஆதலால் விலகிக்கொண்டார்கள். பெருங்கோட்டார் எப்போதுமே கற்களைத் தொட்டதில்லை. கற்கள் வேகமாக நடந்தன.

அடுத்த அமர்வுக்கு அடலேறு ஒரு சாட்சியை அழைத்து வந்தார். பூவாத்தியின் தங்கை வெள்ளச்சி.

"வெள்ளச்சி, என்னைப் பாரு புள்ள."

அவள் நன்றாகவே பார்த்தாள். சின்ன வயதில் அக்காள் தள்ளிவிட்டு விழுந்த தழும்பு அவள் நெற்றியில் அப்படியே இருந்தது. "இந்தம்மா யாருன்னு தெரியலைங்க," என்றாள் தலைவரிடம். "நாங்க எப்பவுமே பெருங்கோடுதானுங்களே."

பூவாத்திக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. சாந்தலிங்கனாருக்கு நிம்மதி வந்தது. "சாட்சி தெளிவாகப் பேசுகிறார். ஆயினும் அவசரப்பட வேண்டாம். கற்களின் காலடிகளைக் குறித்துவர அலுவலர்களை அனுப்புவோம்."

அலுவலர்கள் போனார்கள். கற்கள் தங்களைத் தாண்டியதும், குறிப்பேடுகளோடு அங்கேயே குடியேறி, பெருங்கோட்டுக்காரர்களாகக் கடிதம் எழுதினார்கள்.

பதினொரு மாதம் கழித்துத் தீர்ப்பு நாள் வந்தது. பூவாத்தி வெறுங்கையோடு வாசலில் நின்றாள்.

"மண்ணு எங்கம்மா?" என்றான் வாயிற்காவலன் சேந்தன்.

"கடைசி வீட்டையும் கல்லு தாண்டிடுச்சுப்பா. நான் இங்க இருந்ததால எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கு."

"மண்ணில்லாம விட முடியாதும்மா. நான் என்ன பண்ண?"

உள்ளே சாந்தலிங்கனார் வாசித்தார்: "சிறுநொச்சியின் எல்லை புனிதமானது. அந்த மண்ணில் அந்நியர் கால் வைக்கலாகாது."

முப்பத்தைந்து கைகள் உயர்ந்தன. அடலேறு கைதான் முதலில் உயர்ந்தது. தீர்ப்பின் பிரதியை அந்த மண்ணுக்கு உரியவர் பெற வேண்டும் என்பது விதி. அடலேறே எழுந்து, ஒரு பிடி சிறுநொச்சி மண்ணைத் தட்டில் வைத்துப் பிரதியை வாங்கிக்கொண்டார்.

"இனி அங்கே எங்களைத் தவிர யாரும் நுழைய முடியாது. சட்டத்துக்கு நன்றி."

அவை எழுந்து நின்று கைதட்டியது. ஓசை வாசல்வரை கேட்டது.

"யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டாள் பூவாத்தி.

சேந்தன் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"சிறுநொச்சிதாம்மா. தீர்ப்பைக்கூட வந்து வாங்கிட்டாங்களாம்."